பச்சத்தண்ணி

கூலண்ட் டின்கள் இரண்டும் சீல் உடைக்காமல் அப்படியே இருந்தன. லோரியைத்தான் காணோம்.

மோகனா டின்களையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தடிகா பாலர்பள்ளியில் காய்ச்சலோடு அழுத மகளைத் தூக்கி வந்து அத்தையிடம் விட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குத் திரும்பியிருந்தாள். அதற்குள்ளா எடுத்துக்கொண்டு போவார்கள்? ரேடியேட்டரில் இஞ்சினைக் குளிர்விக்கிற பழைய கூலண்டை வடித்துவிட்டு, உள்ளே அலசுவதற்காகக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தாள். வந்ததும் அதையும் வடிக்கத்தானே போகிறோம் என்று அடியிலுள்ள வடிகால் திருகைக் கையால் லேசாகத் திருகியதோடு சரி, ஸ்பேனர் போடவில்லை. சுங்கை காடுட் தொழிற்சாலையில் மெஷின் பார்த்தவளுக்கு இந்த வேலையெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. புருஷனுடைய லோரியை வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

"அண்ணே! லோரி எங்கண்ணே?"

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த வீரமுத்து நிமிர்ந்தார். அந்தத் தோட்டத்தில் பல வருஷமாக லோரி ஓட்டுகிறவர். "ஒன் வீட்டுக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்லா. ஆலையில கியூ நீளமாயிடும்னு வேலை வாங்குற மண்டோர் நின்ன எடத்துல நிக்காம கத்துனாரு."

"நீங்க எப்படிண்ணே விட்டீங்க? சொல்லிட்டுத்தானே போனேன்?"

"நீ சொன்னதாலதானே விட்டேன்!"

நல்ல கூத்து! வாக்குவாதத்துக்கு இதுவா நேரம்? லோரி நிறையச் செம்பனைக் குலை. எண்ணெய் ஆலைக்குப் போகும் வழியில் செங்குத்தான மேடு. திருகு கழன்றால் இஞ்சின் வெந்துவிடும். பாதி மேட்டில் இஞ்சின் நின்றால் அத்தனை பாரமும் பின்னுக்கு இழுக்கும். உள்ளே அவள் புருஷன் புனிதன் ஒற்றையாள்.

"மோட்டார எடுங்கண்ணே!" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் காற்றுப் பம்பைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்.

செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் மோட்டார் பறந்தது. பின்னால் உட்கார்ந்து கைப்பேசியில் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். லைன் இல்லை, லைன் இல்லை. மனுஷன் உயிர் போகிற நேரத்தில்தான் இந்தச் சனியன் பல்லிளிக்கும். ஒரு வளைவில் திடீரென்று மணி போய், கரகரத்த லைனில் அவன் எடுத்தான்.

"என்னங்க! லோரிய நிறுத்துங்க! உள்ள பச்சத்தண்ணிதான் இருக்கு!"

"தெரியும்லா, அண்ணன் சொன்னாரு," என்றான் புனிதன் சாவகாசமாக. "புள்ளைக்கு எப்படி..."

அதோடு அறுந்துவிட்டது.

"தெரியுமாம்ணே! தெரிஞ்சேதான் ஓட்டுறாராம்! இவருக்குப் பைத்தியமா?"

வீரமுத்து வேகத்தைக் குறைத்துத் தலையைத் திருப்பினார். "ஏம்மா, பச்சத்தண்ணி இருந்தா நல்லதுதானே? அதுக்கு எதுக்கு நிறுத்தச் சொல்ற?"

"என்னண்ணே நல்லது? வெறும் பைப்புத் தண்ணிண்ணே!"

மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"ஐயோ பாவி," என்றார். திட்டியது அவளையா, தன்னையா, அவருக்கே தெரியாது. "நாங்க கூலண்டத்தான்மா பச்சத்தண்ணின்னு சொல்லுவோம். பச்சையா இருக்குல்ல? 'பச்சத்தண்ணி ஊத்தியிருக்கேன்'னு நீ சொன்ன. வேலை முடிஞ்சிருச்சுன்னுதானே நான் அவன்கிட்ட சொன்னேன்!"

மோகனா நெற்றியில் அறைந்துகொண்டாள். அவள் பிறந்து வளர்ந்த மம்பாவ் வீட்டில் சோற்றோடு குடிக்கிற வெறும் தண்ணீர்தான் பச்சத்தண்ணி. இப்போதுகூட அந்தக் கரகரப்பில் 'நிறுத்துங்க' என்றது அமுங்கி, பச்சத்தண்ணி மட்டும்தான் புருஷன் காதில் விழுந்திருக்கும்; 'எல்லாம் சரியாக இருக்கிறது, ஓட்டு' என்றல்லவா தன் வாயாலேயே சொல்லித் தொலைத்திருக்கிறாள்! மறுபடி கூப்பிட்டாள். மணியே போகவில்லை.

"போங்கண்ணே, சீக்கிரம் போங்க!"

மேடு ஏறத் தொடங்கிய இடத்தில் வீரமுத்து தரையைக் காட்டினார். புழுதியில் சொட்டுச் சொட்டாக ஈரம். சிறிது தூரத்தில் சொட்டுகள் சேர்ந்து கோடாகிவிட்டன. 

"தண்ணி கொறைஞ்சா சூடு காட்டுற முள்ளும் எறங்கிடும்மா," என்றார் அவர், காற்றை மீறிக் கத்தி. "சூடே இல்லன்னு காட்டும். ஆனா வண்டி இழுக்காது. புதுசா ஊத்துனதுல காத்து அடைச்சிருக்குன்னு நெனைப்பான். காத்து போகட்டும்னு மூடியத் தொறப்பான். உள்ள மிச்சத் தண்ணி கொதிச்சுக்கிட்டு இருக்கும். பகாவ்ல ஒருத்தன் அப்படித்தான் தொறந்தான். கண்ணு ரெண்டும்..."

மீதியை விழுங்கிக்கொண்டார். சொல்லாமல் விட்டதே அவளுக்குப் போதும். கடவுளே, அவர் கையைக் கட்டிப்போடு, அவர் கையைக் கட்டிப்போடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

கடைசி வளைவைத் திரும்பியதும் லோரி தெரிந்தது. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, பாதையோரமாக நிறுத்தியிருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. முன்பக்கத் தகட்டைத் தூக்கிவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை உள்ளே நீட்டியபடி குனிந்திருந்தான் புனிதன். கை மூடியின் மேல் இருந்தது.

"என்னங்க!" என்று அலறினாள். டீசல் இஞ்சினின் இரைச்சலில் அது எங்கே கேட்கும்? வீரமுத்து ஹாரனை அழுத்தினார். யாரோ வழி கேட்கிறார்கள் என்று நினைத்தானோ என்னவோ, நிமிராமலே இடக்கையை ஆட்டிப் போகச் சொன்னான். வலக்கை திருகத் தொடங்கியது.

கல்யாணமான நாளிலிருந்து அவன் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. தடிகா டீச்சர் அப்பா பெயரைக் கேட்டபோதுகூட அவனுடைய ஐ.சி. அடையாள அட்டையைத்தான் நீட்டினாள். அப்படிப்பட்டவள் ஓடுகிற மோட்டாரிலிருந்து குதித்து, தடுமாறி எழுந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"டேய் புனிதா! கைய எட்றா!"

புனிதன் வெடுக்கென்று திரும்பினான். எவன்டா அது என்கிற கோபம் முகத்தில் இருந்தது. கத்தியது மோகனா என்று கண்டதும் அந்தக் கோபம் திகைப்பாகிவிட்டது. துணியைக் கையிலிருந்து நழுவவிட்டு அவளை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தான்.

பாதி திருகியிருந்த மூடி படாரென்று தெறித்தது. கொதிநீரும் ஆவியுமாக ஆளுயரத்துக்குப் பீய்ச்சியடித்து, அவன் முகம் இருந்த இடத்தை மூடிக்கொண்டது. முதுகில் நாலு துளி பட்டு, "அம்மா!" என்று துள்ளி முன்னால் விழுந்தான். வீரமுத்து ஓடிப்போய் இஞ்சினை அணைத்தார்.

மோகனா அவனைப் புரட்டிப் பார்த்தாள். கண்ணைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து நெஞ்சில் குத்தினாள்.

"எனக்கு ஒன்னும் இல்லலா," என்றான் அவன்.  "என்னவோ சொல்லிக் கூப்பிட்டியே?"

 புனிதா, புனிதா என்று அவன் பெயரையே சொல்லிச் சொல்லி அழுதாள். வீரமுத்து பக்கத்தில் நிற்பதைக்கூட அவள் பார்க்கவில்லை.