டிசைனர் வருவதற்குள் எழுத வேண்டிய கதை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலை என் அறைக்குள் ஓர் அண்டா வந்தது. அதன் பின்னால் இட்லிக் குண்டா, சாமை மூட்டை, மிளகு டப்பாக்கள், முறம், ஒரு மரப்பலகை. எல்லாவற்றுக்கும் பின்னால் அவற்றைச் சுமந்துகொண்டு பாவாயி.

"சாயங்காலம் வரைக்கும் இங்க கெடக்கட்டுங்க சார். அடுப்படிக்கு அலமாரி போடறதுக்கு நாமக்கல்லுல இருந்து டிசைனரு வாராரு."

நான் சவரிமுத்து. கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்ற ஊரில் பள்ளி ஆசிரியர், சொந்த ஊர் மலைக்குக் கீழே. பாவாயி, அர்த்தனாரி தம்பதியின் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். விடுமுறை நாட்களில் கதை எழுதுவேன். அதைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. குடிப்பழக்கம் உள்ளவரிடம் அதைப் பற்றிக் கேட்காமல் இருப்போமே, அந்த மாதிரி ஒரு மரியாதை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"பனி இறங்கிய கொல்லிமலைக் காலையில், பாவாயி தன் விறகடுப்பை ஏக்கத்தோடு தடவிப் பார்த்தாள். இனி இந்தப் புகையின் வாசனை—"

அடித்துவிட்டேன். அடிப்பதற்கு முன்னால் அதைப் பாவாயியிடமே படித்துக் காட்டியதுதான் தப்பு.

"யாருங்க சார் அந்தக் கிறுக்கச்சி?" என்றார். "பொகையில கண்ணெரிஞ்சவ எவளும் அடுப்பத் தடவ மாட்டா. எங்கூட்டுல கேஸு வந்து எத்தன வருசமாச்சு!"

(எழுத நினைப்பவர்களுக்கு: கதாபாத்திரத்திடம் ஒருபோதும் வரைவைக் காட்டாதீர்கள். ஏக்கம் எல்லாம் போய்விடும்.)

சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். பாவாயி வலது கையைத் தூக்கிக் காட்டினார். தோளுக்கு மேல் அது போகவில்லை.

"மேடை எறங்கணுங்க. அவ்ளோதான்."

3

கதை இங்கேதான் இருக்கிறது. நான் பனியில் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த வீட்டில் சமையல் மேடை கட்டிய அன்று, உயரம் பார்க்க யாராவது வந்து நில்லுங்கள் என்று கொத்தனார் கேட்டிருக்கிறார். அர்த்தனாரி போய் நின்றார். அவர் நல்ல உயரம். அந்த மேடையில் அவர் செய்த முதல் வேலையும் கடைசி வேலையும் அதுதான். பாவாயிக்கு மேடை நெஞ்சளவு. பலகை மேல் ஏறி நின்றுதான் சமைக்கிறார். பலகை போட்டும் எட்டாமல் கையைத் தூக்கித் தூக்கிக் கிண்டியதில் தோள்பட்டை போய்விட்டது. இப்போது பழைய மேடையை இடித்துப் புதிதாகப் போடப்போகிறார்கள். இந்த முறையும் உயரம் தப்பினால், கை ஓயும் வரை அவருக்கு இதே கதிதான்.

டிசைனர் செந்தில்நாதன் வாட்ஸப்பில் தெளிவாகச் சொல்லியிருந்தார்: சமையலறையைத் தினமும் புழங்குவது போலவே வைத்திருங்கள், எதையும் ஒதுக்க வேண்டாம்.

"அது அவரோட பெருந்தன்மைங்க சார்" என்றார் அர்த்தனாரி. "அதுக்காவ அப்படியே உட்டுட முடியுங்களா?"

எங்களுக்காக ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சம்பந்தி சொன்னால் நாம் நம்புவோமா? அதே கணக்குதான். வீட்டுக்கு ஒருவர் முதன்முதலாக வருகிறார், அதுவும் ராகு காலம் கழிந்த பிறகு மலையேறுங்கள் என்று இவர்கள் சொல்லி வருகிறார். ஆகவே சமையலறை முழுவதும் என் அறைக்கு வந்துவிட்டது.* சமையலறையில் இப்போது ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடுகிறது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை.

* புது டம்ளர்களுக்கும் டீ பாத்திரத்துக்கும் மட்டும் விலக்கு.

பலகையையாவது திருப்பி வைக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதப் பாத்தா எம்பொண்டாட்டி குட்டைன்னு நெனைச்சுக்க மாட்டாருங்களா?"

"குட்டைதானுங்களே" என்றார் பாவாயி.

4

ஒத்திகை பார்ப்போம் என்று சொன்னது நான். கூடத்தில் நாற்காலி போட்டு, டிசைனராக உட்கார்ந்தேன்.

"வணக்கம். சமைக்கிறது யாருங்க?"

"எங்கூட்டுக்காரிதானுங்க" என்றார் அர்த்தனாரி.

"மேடை எவ்வளவு உயரம் வேணும்?"

"இருக்கறாப்புலயே இருக்கட்டுங்க."

பாவாயியைத் தேடினேன். ஆள் இல்லை. விருந்தாளி உட்கார்ந்ததும் டீ போட உள்ளே போய்விட்டிருந்தார். ஒத்திகைக்கே டீயா என்றால், கை தானாகப் பாத்திரத்துக்குப் போகிறதாம். மறுபடி ஒரு தடவை பார்த்தோம். மறுபடியும் டீ. நான் இரண்டு டம்ளரையும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"நான் எப்பதானுங்க சார் பேசறது?"

"டீ கொண்டுவரும்போது."

"அதுக்குள்ள அவங்க அளந்து முடிச்சுருவாங்களே!"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அதைக் கதையில் போட முடியவில்லை.

5

சில முடிவுகள்:

அ. டிசைனர் ஒரு பெண். அவர் நேராகச் சமையலறைக்குப் போய்— (இல்லை. கூலிங் கிளாஸோடு காரில் சாய்ந்து நிற்கும் அவருடைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டேன். மீசை இருக்கிறது.)

ஆ. செந்தில்நாதன் நல்லவர். "நீங்க வந்து நில்லுங்கம்மா" என்கிறார். (இருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருவரின் நல்ல குணத்தை நம்பி ஒரு தோள்பட்டையை விட முடியாது.)

இ. அர்த்தனாரி டீ போடுகிறார். (இதை அவரிடமே சொல்லிப் பார்த்தேன். நன்றாகச் சிரித்தார். கதைன்னா இப்படித்தான் எழுதோணும் சார் என்றார்.)

6

மலைமேல் சோளக்காடு சந்தையில் டிசைனர் பழம் வாங்கிக்கொண்டிருப்பதாக போன் வந்தது. நான் நாலாவது முடிவுக்கு ஒரு நல்ல வாக்கியம் யோசித்துக்கொண்டிருந்தேன்: "பாவாயி துணிந்து நிமிர்ந்தபோது—"

"சார்" என்றார் பாவாயி, வாசலில் நின்று. புதுச் சேலை கட்டியிருந்தார். "எழுதறத அப்பறம் எழுதிக்கலாங்க. வந்து இந்த டீய மட்டும் போடுங்க. நான் போயி உக்காந்துக்கறேன்."

"நானா? எனக்கு டீ போடத் தெரியாதே."

"தண்ணியக் கொதிக்க வெக்கறதுக்கு என்னங்க தெரியோணும்? தூளு அந்த டப்பாவுல இருக்குது."

எந்த டப்பா என்று கேட்பதற்குள் கூடத்துக்குப் போய்விட்டார்.

இப்போது அவர்கள் சமையலறையில் நிற்கிறேன். லேப்டாப்பை மேடை மேல் வைத்து ஒற்றைக் கையால் தட்டச்சு செய்கிறேன். மேடை எனக்குக் கச்சிதமான உயரம். கார் வந்துவிட்டது. செருப்பு கழற்றும் சத்தம், வாங்க வாங்க என்ற குரல், நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஒரு நாற்காலி கூடுதலாக இழுபட்டது. "நீ எதுக்கு புள்ள இங்க?" என்று அர்த்தனாரி கேட்டது காதில் விழுந்தது. அதற்குப் பாவாயி ஏதோ சொன்னார். டிசைனரும் ஏதோ கேட்டார்.

என்னவென்று தெரியவில்லை. இங்கே ஸ்டவ் இரைகிறது. பால் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, நான் நகர்ந்தால் பொங்கிவிடும். இந்தச் சமையலறையில் நின்றால் கூடத்தில் பேசுவது எதுவும் கேட்காது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. இதைப் படிக்கும் நீங்கள் கூடத்துப் பக்கம்தானே இருக்கிறீர்கள்? மேடை எவ்வளவு உயரம் என்று முடிவானதை உள்ளே வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.