விரல் நின்ற இடம்

அம்மணி 'நுரையீரல்' என்று சொன்னவுடன், நோட்டின்மேல் ஊர்ந்துகொண்டிருந்த குப்புராஜின் ஆட்காட்டி விரல் நின்றுவிட்டது. விரல் நின்றால் முதல் வரியிலிருந்து மீண்டும் ஒப்பிக்கவேண்டும் என்பது, அவள் பள்ளியிறுதி வகுப்பான பதினோராம் வகுப்பில் சேர்ந்த நாள்தொட்டு அவ்வீட்டின் சட்டம்.

"அந்த வார்த்த இங்க இல்லியே."

"புஸ்தகத்துல கீதுப்பா. ரத்தம் நொரையீரலுக்குப் போயி சுத்தமாயிட்டுத்தான் ஒடம்புக்குப் போவும். இல்லாங்காட்டி அழுக்கு ரத்தமேதான சுத்திகினு இருக்கும்?"

"புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும். நோட்டுல இல்லாதது வாயில வரக்கூடாது. மொதல்லேர்ந்து சொல்லு."

அடுக்களையிலிருந்து அவன் மனைவி செல்லம்மா, "கொயந்த சோறு துன்னுட்டாவது சொல்லட்டுமே. உன் ரயிலு இன்னா கவுந்தா பூடும்?" என்றாள். குப்புராஜ் விரலை நோட்டின் முதல் வரிக்குக் கொண்டுபோனான். ரயில் கவிழாமல் பார்த்துக்கொள்வதே அவன் பிழைப்பு. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை நாள்தோறும் ஒரு தண்டவாளத்தின் வழியே நடந்து போய், மற்றதன் வழியே திரும்பி, தளர்ந்திருக்கும் இரும்பு ஆப்புகளைச் சுத்தியலால் அடித்து இறுக்கிவரும் கீமேன் வேலையில் பதினெட்டு ஆண்டுகளைக் கழித்திருந்தான். ஒன்றைக்கூட விடாமல் பார்ப்பவன் என்று இன்ஸ்பெக்டர்களிடம் பெயர் வாங்கியவன். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்புக்கு உயிரியலைப் புரிந்துகொள்ள வகையில்லை. ஆனால் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பார்க்க இயலும். மகளின் படிப்புக்குத் தன்னால் செய்யக்கூடியது அது ஒன்றே என்று அவன் நம்பினான்.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. உயிரியல் ஆசிரியை ரத்தினபாய், முதல் நாளன்றே நோட்டின் முதற்பக்கத்தில் தம் எதிர்பார்ப்புகளை எழுதவைத்திருந்தார். படங்களைப் பென்சிலால் மட்டுமே வரையவேண்டும். பாகங்களின் பெயர்களை வலப்புறத்திலேயே குறிக்கவேண்டும். குறிப்பில் உள்ளதை உள்ளவாறே எழுதவேண்டும். சொந்த வாக்கியம் கூடாது. நாள்தோறும் பெற்றோரிடம் ஒப்பித்துக் கையொப்பம் பெறவேண்டும். இவற்றுள் கடைசி இரண்டும் தனக்கென்றே எழுதப்பட்டவை போலக் குப்புராஜுக்குத் தோன்றின. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவன் தன் பெயரைக் கோணல்மாணலாக எழுதினான். அதன் அருகில், சில நாட்களுக்குப் பின்னர், ஆசிரியையின் சிவப்பு மைக் குறி ஒன்று விழுந்திருக்கும். அச்சிவப்புக் குறியைப் பார்க்கும்போதெல்லாம், பாதையைச் சோதித்த இன்ஸ்பெக்டர் ஒன்றும் சொல்லாமல் தலையசைத்துச் செல்வதைப் போன்றதொரு நிம்மதி அவனுக்கு உண்டாகும்.

அம்மணி நர்சுப் பயிற்சிக்குப் போகவேண்டும். அதற்கு அவ்வாண்டே தேறியாகவேண்டும். தவறினால் பள்ளிக்கூடம் போதும், பல்லாவரத்துத் தோல் கிடங்குக்குத் தன்னோடு வரட்டும் என்று செல்லம்மா முன்னமே சொல்லிவைத்திருந்தாள். ஆகவே அன்று மாலை அம்மணி நான்கு முறை முதலிலிருந்து தொடங்கினாள். நான்காம் முறை நுரையீரல் வரவில்லை. விரல் நிற்காமல் கடைசி வரிவரை சென்றது. அவன் கையொப்பமிட்டான்.

மார்ச்சில் பரீட்சை நடந்தது. ஜூனில் வெளிவந்த பத்திரிகையில் அவளுடைய எண் இல்லை. உயிரியல் அடங்கிய விஞ்ஞானத்தில் முப்பத்தொன்றே வாங்கியிருந்தாள், தேற முப்பத்தைந்து வேண்டும். மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள்.

குப்புராஜ் காக்கி உடையைக்கூட மாற்றாமல், நோட்டை எடுத்துக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு ரத்தினபாயின் வீட்டிற்குச் சென்றான். அவர் அவர்களை உட்காரச்செய்து, வினாத்தாளை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு வினாவாகக் கேட்டுவந்தார். இரத்த ஓட்டத்திற்குப் பத்து மதிப்பெண்.

"இதுக்கு என்னம்மா எழுதினே?"

அம்மணி எழுந்து நின்று ஒப்பித்தாள். "அசுத்த இரத்தம் வலது ஆரிக்கிளை அடைந்து, அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்குச் செல்கிறது. வெண்ட்ரிக்கிள் சுருங்கும்பொழுது இரத்தம் உடல் முழுவதும் பாய்கிறது."

ஆசிரியை நோட்டை வாங்கிப் புரட்டினார். அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் இப்படிச் சொல்லித்தரலையே. நீ அன்னிக்கு லீவா?"

"மூணு நாள் ஜொரம் டீச்சர். பியூலா நோட்டப் பாத்து இன்டர்வல்ல எழுதினேன். பெல்லு அடிச்சிட்டாங்க."

'வெண்ட்ரிக்கிள் சுருங்கும்பொழுது இரத்தம்' என்னும் சொற்கள் அவருடைய குறிப்பில் இரண்டு முறை வருகின்றன, ஒருமுறை இதயத்தின் வலது கீழறைக்கு, மறுமுறை இடது கீழறைக்கு. முதலாவதை எழுதிவிட்டு நிமிர்ந்த சிறுமியின் கண் மீண்டும் இறங்குகையில் இரண்டாவதன்மேல் விழுந்துவிட்டது. இடையிலிருந்த நுரையீரலும், இதயத்தின் இடப்பாதியும் நோட்டுக்குள் வராமலே போயின. இதனை அவர் பென்சில் முனையால் தொட்டுத்தொட்டு விளக்கினார். பின்னர் அப்பக்கத்தின் அடியிலிருந்த கோணல் கையொப்பத்தையும், அதன் அருகில் தம் சிவப்புக் குறியையும் கண்டார்.

"ஐம்பத்திரண்டு நோட்டு, வரிவரியாப் படிக்க முடியறதில்லை," என்றார். நோட்டை மூடி அம்மணியிடம் நீட்டினார். "செப்டம்பர்ல திரும்ப எழுதலாம். நான் ஃபாரம் வாங்கித் தரேன்," என்றார்.

வெளியே வந்து ரயில்வே கேட்டருகே நின்றார்கள். கேட் சாத்தியிருந்தது.

"ஒனக்குத்தான் தெரியுமே," என்றான் குப்புராஜ். "அன்னிக்கே எங்கிட்ட சொன்னியே. அங்க ஏன் எய்தல?"

அம்மணி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எய்தத்தான் பேனாவ வெச்சேன்ப்பா. நீ பக்கத்துல குந்திகினு வெரல நிறுத்தின மாரி இருந்திச்சி. வுட்டுட்டேன்."

மின்சார ரயில் ஒன்று கடந்துசென்றது. அது போன பின்னும் அவன் கேட்டைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தான்.

மறுவாரமே அம்மணி செல்லம்மாவுடன் பல்லாவரம் போகத் தொடங்கினாள். ரத்தினபாய் சொன்ன ஃபாரம் வந்தது, நிரப்பப்படாமலே நிலைக்கண்ணாடியின் பின்னால் செருகப்பட்டுக் கிடந்தது. நர்சுப் பயிற்சிக்கு ஆள் எடுத்து முடிந்துவிட்டது என்று வகுப்புத்தோழி பியூலாவின் வீட்டிலிருந்து செய்தி வந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்புராஜ், பழுதான ஸ்லீப்பர் கட்டைகளில் அடையாளம் போட வைத்திருந்த நீலப் பென்சிலைச் சீவி, பியூலாவிடமிருந்து கேட்டு வாங்கிவந்த நோட்டைப் பார்த்து, விட்டுப்போன வரியை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினான். இடம் போதவில்லை. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, தன் கையொப்பத்தைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கின. இரண்டு முறை ஒத்துப்பார்த்தான்.

மறுநாட்காலையில், தூக்குச்சட்டியில் சோற்றை அமுக்கிக்கொண்டிருந்த மகளின் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு தபா சொல்லேன் கண்ணு."

"டைமாச்சிப்பா. ரயிலு வந்துரும்."

"ஒரே தபா."

அவள் மறுக்கவில்லை. தோல் நெடி ஏறிப்போன விரல்களால் சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே, தலை நிமிராமல் சொல்லத் தொடங்கினாள். அசுத்த இரத்தம் வலது ஆரிக்கிளை அடைந்தது. வலது வெண்ட்ரிக்கிளுக்குச் சென்றது. குப்புராஜின் விரல் வரியைவிட்டு ஓரத்திற்கு நகர்ந்து, நீல எழுத்துகளின் தொடக்கத்தில் காத்திருந்தது.

"வெண்ட்ரிக்கிள் சுருங்கும்பொழுது இரத்தம்," என்றாள் அம்மணி, மூச்சுவிடாமல், "உடல் முழுவதும் பாய்கிறது." தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு, அடுத்த வரியைச் சொல்லியவாறே வாசலில் நின்ற தாயை நோக்கி நடந்தாள். குரல் தெருவில் தேய்ந்து மறைந்தது. விரல் அங்கேயே நின்றிருந்தது.