பதினோராவது கண்ணாடி

மகளின் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: ஊர், ஆள் போன வருஷம், போன காரணம். விடுமுறைக்குக் குடும்பமாகக் காரில் கிளம்பி ஆளில்லாத ஊர்களைப் பார்ப்பது அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் யோசனை. முதல் நாள் பார்த்த குவாரிக் குடியிருப்புக்கு எதிரே 'கல் தீர்ந்தது' என்று எழுதினாள். மறுநாள் பார்த்த ரயில்வே காலனிக்கு எதிரே 'ரயில் வேறு வழியாகப் போனது'. மூன்றாவது ஊருக்குக் காரணக் கட்டம் காலியாக இருந்தது. காரில் சண்டையே அந்தக் கட்டத்துக்குத்தான்.

“'உங்கப்பா ஒரு கையெழுத்துப் போட்டார், ஊர் காலி'ன்னு எழுதும்மா,” என்றார் பின் சீட்டில் இருந்த தாய்மாமன். அவர் பிறந்த ஊர் அது.

“அண்ணா, வண்டி ஓட்டுறவரை சீண்டாதே. நம்மளையும் சேர்த்து எங்கேயாவது இறக்கிடப் போறார்,” என்றாள் அவர் தங்கை, அந்தப் பெண்ணின் அம்மா.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கணவர், சர்வேயர், கியரை மாற்றினார். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற பேச்சு.

அந்த ஊருக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம். தரை இறங்குகிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டவர் அவர். சுவரில் விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு சாண் நீளக் கண்ணாடிப் பட்டையை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பூசிவிடுவார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரே தெருவில் பதினோரு வீட்டில் ஒட்டினார். நாலு மாதத்தில் பத்து உடைந்தன. நட்டநடுவில் இருந்த சைக்கிள் கடைக்காரர் வீட்டில் மட்டும் உடையவில்லை. பத்தை நம்பி, ஊரைக் காலி செய்யச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் அந்தச் சைக்கிள் கடைக்காரர் மகளையே கட்டிக்கொண்டார். மாமனார் பெண்ணைக் கொடுத்தாரே ஒழிய, “என் வீட்டுச் சுவர் அசையலை மாப்பிள்ளை” என்பதைச் சாகும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போனபின், வேறு ஊரில் வைத்த கடையோடு சேர்த்து அந்தப் பேச்சையும் மகன் எடுத்துக்கொண்டார்.

சர்வேயர் எதிர்த்துப் பேசாததற்குக் காரணம் மரியாதை மட்டுமல்ல. அந்தப் பதினோராவது கண்ணாடி அவருக்கே தொண்டையில் சிக்கிய முள். நடுவீடு நகராமல் இரண்டு பக்கத்து வீடும் எப்படி நகரும்? அந்தப் பத்தும் வெயிலிலோ மட்டமான சிமெண்டிலோ உடைந்திருந்தால்? நானூறு குடும்பத்தை வீணாகக் கிளப்பிவிட்டோமோ? மகள் வரைபடத்தில் இந்த ஊரின் மேல் விரலை வைத்தபோது வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பழைய அளவுப் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

தெருவில் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் யாரோ பெயர்த்துப் போயிருந்தார்கள். மாமனார் வீட்டின் முன்பக்கம் இருந்த சைக்கிள் கடையின் தகரப் பலகையில் 'பஞ்சர்' மட்டும் மிச்சம். சர்வேயர் முதலில் உள்ளே போய்ச் சுவர்களைத் தட்டிப் பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். சமையலறைக்குக் கூரை இல்லை. விழ வேண்டியது எப்போதோ விழுந்திருந்தது. அடுப்பு மேடைக்கு மேலே, அதே இடத்தில், கண்ணாடி. முழுசாக.

“பார்த்தீங்களா மாப்பிள்ளை! பத்தொன்பது வருஷம்! ஒரு கீறல் உண்டா?” மச்சானின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும், அங்கே ஆள் இருந்திருந்தால். “எங்கப்பா சொன்னா சொன்னதுதான். நோட்டை எடும்மா.”

சர்வேயர் பையிலிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்தார். பிரிக்காமல் அடுப்பு மேடையில் வைத்தார்.

“அப்பா,” என்றாள் மகள். அவள் கை சுவரில் இருந்தது. “விரிசலுக்குள்ள என் ரெண்டு விரல் போகுது. அப்புறம் கண்ணாடி எப்படி உடையாம இருக்கு?”

சர்வேயர் கிட்டே போனார். இடது முனை கெட்டியாக இருந்தது. வலது முனையைத் தொட்டதும் சிமெண்ட் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ. கண்ணாடியின் அந்த முனை ஒரு ரப்பர் உறைக்குள் சும்மா செருகியிருந்தது. சுவர் விலக விலக, உறையிலிருந்து நழுவி வந்திருக்கிறது.

மச்சான் அந்த ரப்பரை இழுத்து எடுத்து விரலால் தேய்த்தார். அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. “சைக்கிள் ட்யூப்,” என்றார். “அப்பா கிரீஸ் வேற தடவியிருக்கார்.”



“கடைசி ரெண்டு மாசம் நம்ம எல்லாரையும் கடையில படுக்க வச்சாரே அண்ணா,” என்றாள் தங்கை. “அடுப்பங்கரைப் பக்கம் வேக்காடுன்னு.”

“மழைக்காலத்துல ஏது வேக்காடு?” என்றார் மச்சான் மெதுவாக. பிறகு, “இந்த வித்தை அவருக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னேன்,” என்றார் சர்வேயர். “ஒரு முனை தளர்ந்தா சுவர் எவ்வளவு நகர்ந்தாலும் உடையாதுன்னு. பெண்ணைப் பெத்தவர் கேட்கிறாரேன்னு, கேட்டதுக்கு மேலேயே விளக்கினேன்.”

“மாசாமாசம் வந்தீங்களே, இந்த முனையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கலையா?” என்றார் மச்சான்.

“எங்கே பார்த்தார்? தண்ணி கொண்டுவந்த என்னை இல்ல பார்த்துக்கிட்டு நின்னார்,” என்றாள் மனைவி.

மச்சானுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. ட்யூப் துண்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சர்வேயர் அளவுப் புத்தகத்தைப் பிரித்து, பதினோராவது வரியில் இருந்த 'நகர்வு இல்லை'யை அடித்தார். டேப்பை வைத்து அளந்து 'முப்பத்து நான்கு மில்லிமீட்டர்' என்று எழுதினார். ட்யூபைப் பற்றி எழுதவில்லை.

கார் ஊரைத் தாண்டியபோது மகள் நோட்டைப் பிரித்தாள். “மாமா, காரணம் என்னன்னு போட?”

மச்சான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “தரை நகர்ந்ததுன்னு போடு.”

அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, முன் சீட்டில் இருந்த மாப்பிள்ளையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “அதுக்குக் கீழே சின்னதா இதையும் எழுதும்மா. அளக்க வந்தவர் வேற பக்கம் பார்த்துக்கிட்டிருந்தார்னு.”