பன்னிரண்டு வாய்க்கால்களும் ஒரு ரப்பரும்

1.

இந்தக் கதை ஒரு ரப்பரில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வரைபடம் தீட்டும் அரசு உத்தியோகத்தில் இருந்த என் மாமா பஞ்சநதம் குத்தாலத்தில் இறந்தபோது, அவருடைய நோட்டு ஒன்று எனக்கு வந்தது. 1972 என்று போட்டிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் பென்சிலால் எழுதியதை அழித்திருந்தார்; தாள் வெங்காயச் சருகுபோல மெலிந்திருந்தது. மீதி நான் கட்டிய கதைதான். பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2.

முதல் தொடக்கம்: அலையாத்திக் காட்டின் மேல் கதிரவன் தன் பொற்கரங்களை—

வேண்டாம். மாமா வெயிலைத் திட்டும் ரகம்.

இரண்டாம் தொடக்கம்: முத்துப்பேட்டைப் பக்கம், காவிரியின் கிளைகள் கடலோடு கலக்கும் சேற்றில், பஞ்சநதம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எங்கே என்ன மரம், எங்கே பொட்டல் என்று காட்டை வரைபடமாக்க வேண்டும். அதை வைத்து மேலே திட்டம் போடுவார்கள். கையில் விமானத்திலிருந்து எடுத்த படம் இருந்தது. கறுப்பு காடு, வெளுப்பு பொட்டல். காட்டுக்கு நடுவே பன்னிரண்டு மெல்லிய கோடுகள். படச்சுருளில் விழுந்த கீறல் என்று முடிவுகட்டியிருந்தார்.

இது தேவலை. வைத்துக்கொள்வோம்.

3.

அம்சவல்லி வருகிறாள். [முதல் வரைவில் இவளுக்கு எண்பது வயது. வாயைத் திறந்தால் ஞானம் சொட்டும். கிழித்துப் போட்டேன்.] இப்போது முப்பத்திரண்டு. கணவன் வீரையனோடு காட்டுக்குள் மீன் பிடிப்பவள். வழி காட்ட அவளைக் கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள்.

கீறல் என்று அவர் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. முன்பு மரம் வெட்டிய இடமெல்லாம் குழிந்து, உப்புத் தண்ணீர் தேங்கி, உமரிச்செடியைத் தவிர எதுவும் முளைக்காமல் கிடந்ததாம். மீனுக்காக இவள் ஊர்க்காரர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் ஏறும்போது வந்த தண்ணீர் இறங்கும்போது வெளியே போனது; உப்பு குறைந்தது; மிதந்து வந்த அலையாத்தி விதை கரையில் ஒட்டிக்கொண்டது. வெட்டியவன் பெயர்தான் வாய்க்காலுக்குப் பெயர். படத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இது வீரையன் வாய்க்கால் என்னும்போது குரல் நிமிர்ந்தது. தன் புருஷன் வெட்டியது வானத்திலிருந்து தெரிகிறது என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

பஞ்சநதம் பன்னிரண்டு பெயரையும் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார். பிறகு, உத்தியோகப் பழக்கத்தில், ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார்.

அம்சவல்லி விரலை எடுத்துக்கொண்டாள்.

4.

(இங்கே ஒரு குறிப்பு. நில உச்சவரம்பு, கூலிச் சண்டை என்று தஞ்சைச் சீமை கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அறுவடைக் கூலித் தகராறில் அவளுடைய அண்ணன் தங்கையன் பெயர் ஒரு பட்டியலில் ஏறியது. ஏழு மாதம் உள்ளே இருந்தான். அந்தப் பட்டியலை எழுதியவரும் தகப்பன் பெயரைத்தான் கேட்டார்.)

காட்டுக்குள் அனுமதியில்லாமல் மண்வெட்டி போடுவது குற்றம். அது அவளுக்கும் தெரியும். பெயர்களை அழித்துவிடச் சொன்னாள்.

அழித்தால் காடு தானாக வளர்ந்தது என்றாகிவிடும் என்றார் அவர். தானாக வளரும் காட்டில் மனுஷனுக்கு என்ன வேலை என்று உங்களை வெளியே தள்ளுவார்கள்; அப்புறம் வாய்க்கால் தூர்ந்துபோகும், மரமும் செத்துப்போகும். எழுதினாலோ பன்னிரண்டு பேர் மேலும் வழக்கு.

"வாய்க்காலப் போடுங்க சார். ஆளப் போடாதீங்க."

"ஆள் இல்லாம வாய்க்கால் எப்படிம்மா வரும்?"

"மரம் எப்படி வந்துச்சுன்னு இத்தன நாளா யாரும் கேக்கலையே."

5.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மாமா மேலதிகாரியிடம் போய் முழங்குகிறார். அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். இன்னொன்றில் பெயர்கள் மேலே போகின்றன, போலீஸ் லாரி வருகி— எழுதக் கை வரவில்லை.

அச்சான படத்தில் இருப்பது மூன்றாவது: பெயர்களை யாருக்கும் காட்டமாட்டேன் என்று அம்சவல்லிக்கு வாக்குக் கொடுத்து, மாமா அந்தப் பக்கத்தை அழித்துவிட்டார். பன்னிரண்டு நீலக் கோடுகள், பக்கத்தில் 'ஓடை' என்ற ஒரு சொல். ஓடை எங்கேயாவது ஸ்கேல் வைத்த மாதிரி நேராக ஓடுமா? யாரும் கேட்கவில்லை. காடும் இருக்கிறது. இங்கே முடித்திருந்தால் எனக்கும் நிம்மதி.

6.

போன மாதம் அம்சவல்லியின் மகள் நீலாம்பாள் வந்தார். நான் கற்பனையில் கட்டிய பெண்ணுக்கு மகள் எப்படி என்று கேட்காதீர்கள். வந்தார், என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். இப்போது காட்டில் மீன் பிடிக்கும் உரிமையைக் கேட்டு வாங்கலாமாம், முன்னோர் அங்கே இருந்ததற்குப் பழைய காகிதம் காட்டினால். அரசாங்கப் படத்தில் இருப்பதோ ஓடை. ஓடையை எவன் வெட்டினான்?

"அம்மா அழிக்கத்தான் சொன்னிச்சு. அன்னைக்கு அது சரி. எனக்கு இப்ப அந்தப் பேரு வேணுங்க," என்றார்.

மற்றப் பதினொரு வீட்டிலும் கேட்டாயிற்றா என்றேன். ஏழு வீடு சம்மதம், நாலு வீடு வாயே திறக்கவில்லை என்றார். பெயர்கள் எல்லாம் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன.

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய தடம் தெரிகிறது. அந்தப் பக்கம் இதுதான்:

[                                        ]

பென்சிலைப் படுக்கவைத்து மெல்லத் தேய்த்தால் பன்னிரண்டு பேரும் எழுந்துவிடுவார்கள். அம்சவல்லிக்கு வாக்குக் கொடுத்தவர் மாமா, நான் அல்ல, நீங்களும் அல்ல. பென்சிலை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.

நீலாம்பாள் இன்னும் எழுந்து போகவில்லை.