என் நாற்காலியில் உட்கார்ந்தவர்

தேநீர்த் தட்டோடு வகுப்பறை வாசலில் நின்றபோதுதான் பார்த்தேன். பார்வையிட வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தது என் நாற்காலியில். கடைசி வரிசை, ஜன்னலோரம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலையில் படுக்கை விரிப்புகளை மடித்து முடித்த கையோடு ஓடிவந்து, ஏழு மாதமாக நான் உட்காரும் இடம். மேசைக்கு அடியில் என் நோட்டு அப்படியே கிடந்தது. அவருடைய முழங்கால் அதில் இடித்துக்கொண்டிருந்தது.

இந்த ஆங்கில இலக்கண வகுப்பைப் பார்க்க வருடத்துக்கு ஒரே ஒருமுறைதான் அவர் வருவார். அன்றைக்கு வாய்திறந்து சரியாகப் பதில் சொல்பவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு போவார். அவர்களுக்கு மட்டும் அடுத்த நிலை. அந்தச் சான்றிதழ் இருந்தால் சலவைக்கூடத்தில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை. இருபது வருடம் நின்றே தேய்ந்த காலுக்கு ஒரு நாற்காலி. இல்லையென்றால் போன மாதம் வந்து சேர்ந்த பெண், என் மகள் வயது, எனக்கு மேலே வந்து உட்காருவாள். விரிப்பை எந்தப் பக்கம் மடிப்பது என்று அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நேற்று வகுப்பு நடுவில், பதினொன்றரை மணிக்கு, டீச்சர் என்னை மட்டும் வராந்தாவுக்கு அழைத்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வெயிலைப் பற்றி, என் முழங்கால் வலியைப் பற்றியெல்லாம் பேசிச் சுற்றி வளைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பதில் சொல்ல ரொம்ப நேரமாகுது. நாளைக்கு மட்டும் பேசாம டீயைப் பாத்துக்குங்க. அடுத்த வருஷம் நானே உங்க பேரைச் சொல்றேன்."

நேரமாகும்தான். கேள்வியைக் காதில் வாங்கி, மனசுக்குள் ஓரம் சேர்த்து மடித்து, அப்புறம்தான் வாயைத் திறப்பேன். திறந்தால் தப்பிருக்காது. அது அவளுக்கே தெரியும். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை என்பது எனக்கும் தெரியும். பாவம் பார்த்துத் தலையாட்டித் தொலைத்தேன். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே நாடகம் அமர்க்களமாக நடந்தது. நான்கு நாள் ஒத்திகை பார்த்த பாடம். கூடப் படிக்கும் காவலாளி அண்ணனுக்கு மூன்றாவது கேள்வி, தையல்காரம்மாவுக்கு ஐந்தாவது. டீச்சர் கேட்டு முடிக்குமுன்பே பதில் வந்து விழுந்தது. ஐந்தாவது முடிந்ததும் அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். இனி தானே கேட்கிறேன் என்றார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, நேற்று இதே நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது, ஆங்கிலத்தில் யாராவது சொல்லுங்கள் என்றார்.

காவலாளி அண்ணன் செருப்பைப் பார்த்தார். தையல்காரம்மா முந்தானையைத் திருகினாள். கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

நான் உள்ளே போனேன். ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்தினேன். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வச்சிட்டுப் போங்கம்மா" என்றார்.

வைத்தேன். போகவில்லை. குனிந்து, அவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்து என் நோட்டை உருவினேன். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சார், இது என் இடம். நானும் இங்கதான் படிக்கிறேன்."

திரும்பவும் கையைத் தூக்கினேன். கரும்பலகைப் பக்கம் டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. நேற்று இதே நேரத்தில் வராந்தாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று இந்த அறையில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்லிவிடலாம். அதிலும் இலக்கணத் தப்பிருக்காது. வேண்டாம் என்பதுபோல் அவள் லேசாகத் தலையை அசைத்தாள்.

அதிகாரி பட்டியலைத் திருப்பி, என் பெயரைத் தேடி, அதன் எதிரே பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் அவசரப்படவில்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் தேநீரின் மேல் ஆடை படிய ஆரம்பித்தது.