மூட வேண்டியது இடது கண்

என் தம்பிக்கு மகள்மேல் கொள்ளைப் பாசம். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நானும் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவன் மகளுக்கு ஏழு வயது. ஓரிடத்தில் உட்காராது என்பதால் வாலு என்று நான் பெயர் வைத்தேன். சில மாதங்களுக்கு முன் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதிக்க வந்தவர்கள் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். வலது கண்ணை மூடினால் கடகடவென்று வாசித்தாள். இடதை மூடினால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற பெரிய எழுத்துகூடத் தெரியவில்லை. இத்தனை வருடமும் இடது கண்ணே இரண்டு கண்ணின் வேலையையும் பார்த்திருக்கிறது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

கண் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணாடி போட வேண்டும். அதோடு, நன்றாக இருக்கிற இடது கண்ணைத் தினமும் ஆறு மணி நேரம் பிளாஸ்திரி மாதிரி ஒட்டுப் போட்டு மூட வேண்டும். அப்போதுதான் வலது கண் பார்க்கப் பழகும். சின்ன வயதிலேயே செய்தால்தான் நல்ல பலன். விட்டுவிட்டால் மூளை அந்தக் கண்ணைக் கைகழுவிவிடும். தம்பியும்தான் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினான்.

தம்பி பெண்டாட்டிக்குப் பேக்கரியில் காலை ஷிப்ட். கிளம்புவதற்கு முன் வாலுவை மடியில் இடுக்கி, அது கத்தக் கத்த ஒட்டிவிட்டுப் போவாள். தம்பி ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போவான். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலேயே டீச்சர் ஒட்டைப் பிரித்துவிடுவார். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் நினைத்தோம்.

மறுபரிசோதனைக்கு என் தையல் கடையை மூடிவிட்டு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா இடது கண்ணை மூடிக் கேட்டார். வாலு பழையபடி அந்தப் பெரிய எழுத்துக்கே முழித்தாள்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. தம்பி பெண்டாட்டியைப் பார்த்து, "ஒழுங்கா ஒட்டறீங்களாம்மா?" என்றார்.

"தினமும் நான்தான் ஒட்டறேன் டாக்டர்."

"ஒட்டியிருந்தா கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணுமே. வேலை வேலைன்னு ஓடிட்டு இங்க வந்து கதை சொல்லாதீங்க. போறது உங்க பிள்ளையோட கண்ணு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலைகுனிந்தாள். தம்பி சுவரில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பெண்டாட்டிக்காக ஒரு வார்த்தை பேசினானா?

வாலு அழ ஆரம்பித்தாள். முகத்தைத் துடைக்கலாம் என்று அவள் கண்ணாடியைக் கழற்றினேன். வலது கண்ணைச் சுற்றித் தோல் சிவந்து, ஒட்டின் பசை கறுப்பாகத் திட்டுத்திட்டாக இருந்தது. இடது பக்கம் துடைத்துவைத்த மாதிரி சுத்தம்.

"இந்தப் பக்கம் ஏண்டி இப்படிச் சிவந்திருக்கு?"

வாலு அவள் அப்பனைப் பார்த்தாள். பிறகு என் காதில் சொல்வதாக நினைத்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "ஸ்கூல் வாசல்ல அப்பா மாத்தி ஒட்டுவாரு அத்தை. அம்மாகிட்ட சொல்லக் கூடாது."

தனியாக ஓர் ஒட்டுப் பெட்டி வாங்கி வண்டியில் வைத்திருந்தானாம், புண்ணியவான். சிவப்பைப் பார்த்துப் பெண்டாட்டி கேட்டபோது கண்ணாடி உரசின தடம் என்று சமாளித்தானாம்.

"கதவுல போய் இடிச்சுக்கிட்டா அக்கா," என்றான் தம்பி. "அப்பா எடுத்துவிடுன்னு கழுத்தைக் கட்டிக்கிட்டு அழறா. நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறது? நல்லா இருக்கற கண்ணைப் போய் ஏன் மூடணும்னு இருந்துச்சு. மோசமான கண்ணுக்குத்தானே ஓய்வு குடுக்கணும்..."

"அப்ப உன் பெண்டாட்டி ராட்சசி, நீ தங்கமான அப்பன், அப்படித்தானே? அதே அழுகையைக் கேட்டுக்கிட்டுத்தானேடா அவளும் ஒட்டினா? பிள்ளையைப் பொய் சொல்ல வேற பழக்கியிருக்கே. இப்ப அவ திட்டு வாங்கறா, நீ மணி பாத்துட்டு நிக்கறே. வெக்கமா இல்ல உனக்கு?"

இன்னும் என்னென்னவோ கேட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா தம்பி பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, "விட்ட மாசத்தைத் திருப்பித் தர முடியாது. இனிமேலாவது சரியா ஒட்டுங்க. எவ்வளவு பார்வை வரும்னு இப்ப என்னால சொல்ல முடியாது," என்றார்.

தம்பி பெண்டாட்டி கத்தவில்லை. கைப்பையிலிருந்து ஒட்டுப் பெட்டியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"இனிமே நீங்கதான் ஒட்டணும். இப்பவே ஒட்டுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். வாலு திமிறினாள், காலால் உதைத்தாள். ஒருவழியாக இடது கண்ணில் ஒட்டி, கண்ணாடியை மாட்டிவிட்டான்.

வாலு அழுகையை நிறுத்திவிட்டு, முன்னால் குனிந்திருந்த அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள்.

"அப்பா, உனக்கு மூஞ்சியே இல்லப்பா."

அவன் விரல் ஒட்டின் ஓரத்துக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டான்.

"இங்கதாண்டா இருக்கேன். நல்லாப் பாரு."

"தெரியலப்பா."

"பாருடா," என்றான். முகத்தை இன்னும் அவள் பக்கத்தில் கொண்டுபோனான்.