கடிக்கிற கினிப்பன்றி

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு மாப்பிள்ளை வக்தி பரிசாகக் கொடுத்த கினிப்பன்றியைப் பார்த்தாலே நஷ்வாவுக்கு அருவருப்பு. பால்கனிக் கூண்டின் மூத்திர நாற்றத்தை அலெக்ஸாந்திரியாவின் கடற்காற்றாலும் போக்க முடியவில்லை. தூக்கப்போனால் ரத்தம் வரக் கடித்தது.

கூண்டைக் கழுவுவதற்காக அன்று அதைத் துண்டில் சுற்றிப் பிடித்தவள், வயிற்று முடிக்கு அடியில் சீழ் கோத்த புண்ணைக் கண்டாள்.

மாலையில் வந்த வக்தியிடம் அதைத் துண்டோடு தூக்கிவந்து புண்ணைக் காட்டினாள்.

"அதுவா? எங்க வீட்டுல இருந்தப்பவே இருக்கு," என்றான், பஸ்பூசா இனிப்பை மென்றபடி. "விருந்தாளிங்க வந்தா அங்க ஒரு அமுக்கு அமுக்குவேன். என்னமா கத்தும் தெரியுமா! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. இரு, காட்டுறேன்."

பாகு ஒட்டிய விரல் நீண்டது. நஷ்வா துண்டை மார்போடு இழுத்துக்கொண்டாள். சீழைக் கண்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு குமட்டவில்லை.

"கைய எடு."

"ஒரு எலிக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்குற?"

"உன்னப் பாத்தாலே வாந்தி வருது வக்தி. மோதிரத்த எடுத்துக்கிட்டுக் கிளம்பு."

அவன் கதவை அறைந்துவிட்டுப் போனான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் புண்ணைத் துடைத்தாள். அது மறுபடியும் கடித்தது. அவள் கையை இழுக்கவில்லை.